இளம்பருவக் கருத்தரிப்புத் தடுப்பும் மதிப்பீட்டுச் செலவும்

முன்னுரை

நற்செயல் ஒன்றிற்குப் பொருள் திரட்டுதல் அரிது. திரட்டிய பொருளில் ஒரு பகுதியை, ‘நாம் செய்தது பயன் தந்ததா?’ என்னும் வினாவிற்கு விடை காண்பதற்கென ஒதுக்கி வைத்தல் அதனினும் அரிது. பசித்தவனுக்குச் சோறிட்டால், அவன் வயிறு நிறைந்ததா என்று ஆராயக் கணக்கர் வேண்டுவதில்லை. அவன் முகமே விடை கூறிவிடும். ஆயின், சில நற்செயல்களின் பயன் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதுவும் ஒன்று நிகழாமையாகவே வெளிப்படும். நிகழாத ஒன்றைக் கண்ணால் காண்பது எங்ஙனம்? பள்ளிப் பருவத்துப் பெண்கள் கருவுறாவண்ணம் காக்கும் முயற்சி இத்தகையது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் இம்முயற்சிக்கும், இதனை அளந்தறிதற்கும் பொருள் ஒதுக்கிய வரலாற்றில், பொதுத்தொண்டில் ஈடுபட விரும்பும் மாணவர் அனைவர்க்கும் ஒரு பாடம் உளது. அதனை ஈண்டுச் சுருங்க ஆராயப் புகுவாம்.

சிக்கலின் இயல்பு

அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டில், 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்கள் ஆயிரவருக்கு 61.8 பிள்ளைப்பேறுகள் நிகழ்ந்தன. 2010-இல் அவ்வெண் ஏறத்தாழ 34 ஆயிற்று; 2023-இல் 13.1 ஆகக் குறைந்தது. வெறும் எண்ணாகக் காணின் இஃது ஒரு கணக்கு. எண்ணின் பின்னே நிற்பவரைக் காணின் நிலைமை வேறு. பதினாறு வயதில் தாயாகும் பெண்ணின் கல்வி பெரும்பாலும் இடையில் அறுபடுகின்றது. கல்வி அறுபடவே தொழில் வாய்ப்புச் சுருங்குகின்றது. தாயின் வறுமை பிள்ளைக்கும் உடைமையாகின்றது. ஆதலின், அரசாங்கமும் திருச்சபைகளும் தொண்டுச் சங்கங்களும் பலவகைப் பாடத்திட்டங்களை வகுத்துப் பள்ளிகளில் நடத்தி வந்தமை வியப்பன்று.

மேற்கூறிய வீழ்ச்சி மகிழ்தற்குரியதே. ஆயினும், அதனை விளைத்தவர் யார்? இளைஞருள் உடலுறவு கொள்வோர் தொகை குறைந்தது ஒரு காரணம். கருத்தடை முறைகள் முன்னிலும் நன்கு கையாளப்பட்டது மற்றொரு காரணம். இவ்விரண்டையும் எத்திட்டம் எந்த அளவு தூண்டியது என்பதே வினா. நாடெங்கும் வெள்ளம் வடியுங்கால், தன் வாயிலில் நின்று துடைப்பத்தால் நீரைத் தள்ளியவன், ‘நீர் வடிந்தது என்னால்’ என்று கூறுதல் எளிது. அவன் பொய்யன் அல்லன். அவன் அவ்வாறே நம்புகின்றான். ஒரு பள்ளியில் திட்டம் தொடங்கு முன்னர் இத்தனை பேர் கருவுற்றனர், பின்னர் இத்தனை பேரே கருவுற்றனர் என்று காட்டும் கணக்கு, பெரும்பாலும் இத்துடைப்பக்காரன் கணக்கே ஆகும்.

மதிப்பீடு என்பது யாது?

நம் மொழியில் ‘மதிப்பு’ என்னும் சொல் ஒரு பொருளின் விலையையும் குறிக்கும். ஒருவர்பால் நாம் கொள்ளும் நன்மதிப்பையும் குறிக்கும். ஆகவே, மதிப்பிடுதல் என்பது குற்றம் காணப் புகுதல் அன்று; ஒன்றை அதன் உண்மை அளவிற்கு மதித்தல் என்க.

அதற்கு இன்றியமையாதன நான்கு. முதலாவது ஒப்பீடு: திட்டத்திற் சேர்ந்தாரோடு, சேராதாராகிய ஒத்த நிலையினரையும் வைத்து நோக்கல் வேண்டும். இரண்டாவது நடுநிலைப் பகுப்பு: யார் சேர்வது, யார் சேராதது என்பதைத் திருவுளச்சீட்டு எடுப்பதுபோலக் குலுக்கல் முறையால் முடிவு செய்தல் வேண்டும், விருப்பமுடையோரை மட்டும் சேர்த்துக்கொண்டால், பயன் பாடத்தினால் வந்ததா அவர்தம் இயல்பினால் வந்ததா என்பது புலனாகாது. மூன்றாவது நெடுநாள் தொடர்தல்: பாடம் முடிந்த மறுநாள் மாணவி தாளில் எழுதும் விடை வேறு, மூன்றாண்டு கழித்து அவள் வாழும் வாழ்வு வேறு. நான்காவது சுயேச்சை: பாடம் நடத்தியவரே தமக்கு மதிப்பெண் இடுதல் தகாது.

இந்நான்கும் பொருட்செலவு உடையன. எவ்வாறெனின், ஒரு சிறு கணக்கால் விளக்குவாம். ஓராண்டில் நூறு மாணவியருள் நால்வர் கருவுறுவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திட்டம் அத்தொகையைப் பாதியாகக் குறைக்கும் ஆற்றல் உடையது எனவும் கொள்வோம். திட்டத்தில் நூற்றுவரும், ஒப்பீட்டில் நூற்றுவரும் இருப்பின், ஒருபுறம் இருவர், மறுபுறம் நால்வர் ஆவர். வேற்றுமை இருவரே. ஒரு குடும்பம் ஊர் மாறிச் சென்றாலும், ஒருத்தி விடை கூற மறுத்தாலும் அவ்வேற்றுமை மறைந்துவிடும். ஆயிரவர்க்கு ஆயிரவர் என்று வைத்தாலோ, இருபதின்மர்க்கு எதிர் நாற்பதின்மர் ஆவர். அதனைத் தற்செயல் என்று தள்ளல் அரிது. ஆகவே, உண்மையை அறிய ஆயிரக்கணக்கான மாணவியர் வேண்டும். பெற்றோர் இசைவு பெறுதல் வேண்டும். பள்ளி மாறினாரைத் தேடிச் செல்லுதல் வேண்டும். மந்தணம் காத்தல் வேண்டும். இவை அனைத்தும் ஊதியம் பெறும் மனிதராலே நடைபெறுவன.

பெர்த் நகரத்துப் பொம்மைகள்

இத்துணைச் செலவு தேவைதானா என்பார்க்கு விடையாக, அமெரிக்காவை விட்டுச் சிறிதே விலகி, ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்றைக் காட்டுவாம். அமெரிக்காவிலும் பிற நாடுகள் பலவற்றிலும் கையாளப்பட்ட ஒரு முறையை அது சோதித்தது.

கைக்குழந்தை போன்ற பொம்மை ஒன்று; அதனுள்ளே கருவி அமைந்திருக்கும். பசித்ததுபோல் அழும், தாலாட்ட வேண்டி அழும், துணி மாற்ற வேண்டி நள்ளிரவிலும் அழும். மாணவி அதனை வெள்ளி மாலை இல்லத்திற்கு எடுத்துச் சென்று திங்கள் காலை வரை பேணுதல் வேண்டும். அவள் பேணிய வகையைக் கருவி பதிவு செய்யும். உறக்கம் இழந்து வருந்திய பெண், ‘தாய்மை இத்துணை அரிதா!’ என்று அஞ்சி, இளமையில் கருவுறாது தன்னைக் காத்துக்கொள்வாள் என்பது இதனை வகுத்தார் கருத்து. கேட்போர் எவரும் இதனை ஒப்புவர். யாதொரு தீங்கும் இதில் இருப்பதாகத் தோன்றாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், 57 பள்ளிகளைக் குலுக்கல் முறையால் இரு கூறாக்கி, 2003 முதல் 2006 வரை 13 வயது முதல் 15 வயது வரையுள்ள மாணவியரைச் சேர்த்தனர். பொம்மைத் திட்டத்தில் 1,267 பேர். வழக்கமான நலவாழ்வுப் பாடம் மட்டும் பெற்றோர் 1,567 பேர். அவர்கள் 20 வயது எய்தும்வரை மருத்துவமனைப் பதிவுகளையும் கருக்கலைப்பு நிலையங்களின் பதிவுகளையும் கொண்டு தொடர்ந்து நோக்கினர். 2016-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. பொம்மையைப் பேணியவருள் நூற்றுக்கு 8 பேர் பிள்ளை பெற்றனர். பேணாதவருள் நூற்றுக்கு 4 பேரே பெற்றனர். கருக்கலைப்புச் செய்துகொண்டவர், முன்னவருள் நூற்றுக்கு 9, பின்னவருள் 6.

தடுக்க எண்ணிய செயல் தடுக்கவில்லை, மிகுத்ததுபோலத் தோன்றியது. ஓர் ஆராய்ச்சியே முடிந்த முடிபு ஆகாது என்பது உண்மை. ஆயினும், அத்திட்டம் பெண்களைக் காக்கின்றது என்னும் நம்பிக்கை அன்றோடு நிலைகுலைந்தது. அந்த 2,834 பெண்களைப் பல்லாண்டு தொடரப் பொருள் கிடைக்காதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? பொம்மைகள் மேன்மேலும் வாங்கப்பட்டிருக்கும். ஆண்டறிக்கைகளில் நிழற்படங்கள் அழகுற அச்சிடப்பட்டிருக்கும். உதவ வந்தார் கையாலேயே தீங்கு வளர்வதை எவரும் அறியார்.

1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் ஆராய்ச்சியும்

இனி அமெரிக்காவிற்கு மீள்வாம். 1996-இல் இயற்றப்பட்ட பொதுநலச் சீர்திருத்தச் சட்டம், திருமணம் ஆகும்வரை உடலுறவைத் தவிர்த்தலையே போதிக்கும் கல்விக்கு ஆண்டுதோறும் 5 கோடி டாலர் ஒதுக்கியது. மத்திய அரசு தரும் ஒவ்வொரு 4 டாலருக்கும் மாநிலங்கள் தம் பங்காக 3 டாலர் இடுதல் வேண்டும் என்பது விதி. இக்கல்வியை ஆதரித்தாரும் எதிர்த்தாரும் சொற்போர் புரிந்தனர். காங்கிரசு ஒரு நற்செயல் செய்தது: 1997-இல், இதனை மதிப்பிடுக என்று சட்டத்தாலேயே பணித்தது.

மாத்தமாட்டிகா என்னும் ஆராய்ச்சி நிறுவனம் அப்பணியை ஏற்றது. வர்ஜீனியா, புளோரிடா, விஸ்கான்சின், மிசிசிப்பி ஆகிய மாநிலங்களில் ஒவ்வொரு திட்டம் தெரிந்தெடுக்கப்பட்டது. இறுதிக் கணக்கில் 2,057 இளைஞர் இருந்தனர். பாடம் பெறத் தொடங்கிய நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கழித்து அவர்கள் வினவப்பட்டனர். 2007-இல் அறிக்கை வெளிவந்தது. பாடம் பெற்றோருள் ஏறத்தாழச் சரிபாதியினர் உடலுறவைத் தவிர்த்திருந்தனர்; பாடம் பெறாதோருள்ளும் ஏறத்தாழச் சரிபாதியினரே. தவிர்க்காதோர் முதன்முதல் உறவு கொண்ட சராசரி வயது இரு திறத்தார்க்கும் 14.9. ஆதரித்தவர் எண்ணிய பயன் காணப்படவில்லை. ஆனால், இப்பாடம் பெற்றோர் பாதுகாப்பின்றி உறவு கொள்வர் என்று எதிர்த்தவர் அஞ்சிய தீங்கும் காணப்படவில்லை.

நேர்மையான மதிப்பீட்டின் இலக்கணம் இதுவே. அஃது எக்கட்சிக்கும் கையாள் அன்று. இரு கட்சியினரையும் ஓரளவு ஏமாற்றும். நல்லொழுக்கத்தைப் போதித்தல் வேண்டுமா என்பது வேறு வினா. இந்தப் பாடம் அவ்வொழுக்கத்தை விளைத்ததா என்பது வேறு வினா. இரண்டாவது வினாவிற்கு ‘இல்லை’ என்னும் விடை வருதலால் முதலாவது பொய்ப்படாது. ஒழுக்கத்தை உண்மையாக விரும்புவோரே, அதனை விளைக்காத பாடத்தை முதலில் மாற்ற முன்வருதல் வேண்டும்.

2010-ஆம் ஆண்டு ஏற்பாடு

இவ்வனுபவத்தின் பின்னர், அதிபர் ஒபாமாவின் காலத்தில் புதியதோர் ஏற்பாடு பிறந்தது. 2010-ஆம் நிதியாண்டிற்கு இளம்பருவக் கருத்தரிப்புத் தடுப்புத் திட்டத்திற்கென 11 கோடி டாலர் வழங்கப்பட்டது. அதனை வகுத்த முறை கருதத்தக்கது. கடுமையான சோதனையால் பயன் தெரிந்த முறைகளைப் பிற இடங்களில் நடத்துதற்கு ஏழரைக் கோடிக்குக் குறையாமலும், புது முறைகளை ஆக்கிச் சோதித்தற்கு இரண்டரைக் கோடிக்குக் குறையாமலும் செலவிடல் வேண்டும். இவற்றிற்குப் புறம்பாக, மதிப்பீட்டிற்கென்றே 44 இலட்சத்து 55 ஆயிரம் டாலர் வேறு நிதியிலிருந்து ஒதுக்கப்பட்டது. பதினொரு கோடியோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு நான்கு அளவே. பெருந்தொகை பெற்ற அமைப்புகள், தாம் பெற்றதிலிருந்தே சுயேச்சையான ஆராய்வாளரை அமர்த்தித் தம் பணியைச் சோதித்துக்கொள்ளவும் கடமைப்பட்டன.

எவை பயன் தெரிந்த முறைகள் என்பதை அறிய, அதுகாறும் வெளிவந்த ஆராய்ச்சிகள் யாவும் ஒரு படித்தாகச் சீர்தூக்கப்பட்டன. 28 திட்டங்கள் தேறின. அவற்றை நாடெங்கும் நடத்தி, மீண்டும் சோதித்தனர். 2010 முதல் 2015 வரை நடந்த பணிகளில் 41 கடுமையான மதிப்பீடுகள் செய்யப்பட்டன. 2016-இல் முடிவுகள் வந்தன: 12-இல் நற்பயன் காணப்பட்டது. ஏனையவற்றுள் சில பயன் காட்டவில்லை. சிலவற்றில் முடிவு தெளிவாகவில்லை.

ஓரிடத்தில் வென்ற முறை மற்றோரிடத்தில் வெல்லாமைக்குக் காரணங்கள் உள. பாடம் நடத்துவோர் திறம் ஒத்திராது. மாணவர் ஒழுங்காக வாரார். ஒப்பீட்டுக் குழுவினரும் வேறு வழியாக அதே போன்ற அறிவுரையைப் பெற்றுவிடுவர். நெல் ஒன்றே ஆயினும் நிலந்தோறும் விளைவு வேறுபடும் அன்றோ? எந்நிலத்தில் எது விளையும் என்று அறிந்து விதைப்பவனே உழவன்.

தடைகளும் விடைகளும்

இச்செலவை மறுப்பார் கூறும் தடைகள் பல. அவற்றுள் இரண்டு வலியுடையன.

‘ஆராய்ச்சிக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் ஒரு பெண்ணிற்குக் கிடைக்க வேண்டிய உதவியைக் குறைக்கின்றது, ஒப்பீட்டிற்கென ஒரு சாராரைத் திட்டத்தினின்று விலக்குதல் கொடுமை’ என்பது ஒன்று. இது கருணையாற் பிறந்த தடை. ஆயினும், உதவி என்று நாம் கருதுவது உதவியே என்பது முன்னரே தெரிந்திருந்தாலன்றி இத்தடை நில்லாது. பெர்த் நகரில் விலக்கப்பட்ட மாணவியர் இழந்தது யாது? மேலும், எல்லார்க்கும் கொடுக்கப் பொருள் போதாதவிடத்து, பரிந்துரைக்கு இடங்கொடாது குலுக்கல் முறையால் தெரிதலே நீதி. ஒப்பீட்டுக் குழுவினரும் வழக்கமான பாடங்களைப் பெறவே செய்கின்றனர்.

‘ஒரு பெண்ணின் வாழ்வை எண்ணால் அளக்கலாமோ?’ என்பது மற்றொன்று. அளக்க இயலாது, ஒப்புகின்றோம். பயன் விளைந்ததா என்று எண் கூறும். ஏன் விளைந்தது என்று கூறாது. அதற்கு அப்பெண்களோடும் பெற்றோரோடும் ஆசிரியரோடும் அமர்ந்து உரையாடல் வேண்டும். அவ்வுரையாடலும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. அதற்கும் பொருள் வேண்டும்.

இடையில் அறுத்த செயல்

2015-இல் தொடங்கிய இரண்டாம் கட்ட மானியங்கள் ஐந்தாண்டு நடைபெற வேண்டியவை. அதிபர் டிரம்பின் முதல் ஆட்சியில், 2017 ஜூலையில், 81 அமைப்புகளுக்கு மானியம் 2018 ஜூன் 30-ஆம் நாளோடு நின்றுவிடும் என்று அறிவிக்கப்பட்டது. நிறுத்தப்பட்ட தொகை ஏறத்தாழ 21 கோடி டாலர். முந்திய மதிப்பீடுகளுட் பெரும்பாலன பயன் காட்டவில்லை என்பதை நலத்துறையினர் தம் செயலுக்கு ஆதரவாக எடுத்துக் கூறினர்.

இங்கே நாம் நுணுகி நோக்கல் வேண்டும். பயன் தாராத திட்டத்தை நிறுத்துக என்பது மதிப்பீட்டின் பயனேயாகும், அதில் பிழையில்லை. ஆனால், பயன் தந்தவற்றையும் தாராதவற்றையும் பிரித்தறிய உதவிய சல்லடையையே எறிந்துவிடுதல் எவ்வாறு பொருந்தும்? மூன்றாண்டு தொடர்ந்து நோக்கிய மாணவரை நான்காம் ஆண்டில் நோக்காது விட்டால், முதல் மூன்றாண்டுச் செலவும் பெரும்பகுதி வீணாகும். அறுவடைக்கு முன்னர் வயலை விட்டு நீங்குபவன், விளைந்ததா பொய்த்ததா என்பதையும் அறியான்.

பாதிக்கப்பட்ட அமைப்புகள் நீதிமன்றங்களை அடைந்தன. வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் கெடாஞ்சி பிரவுன் ஜாக்சன் என்னும் நீதிபதி, 2018 ஏப்ரல் 19-இல், காரணம் காட்டாது மானியங்களை இடையில் அறுத்தது தன்னிச்சையான செயல் என்றும், துறையின் விதிகட்கே மாறானது என்றும் தீர்ப்பளித்தார். 2022-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் அமர்ந்தவரும் இவரே. மற்ற நீதிமன்றங்களிலும் அமைப்புகளுக்கு ஆதரவான தீர்ப்புகள் கிடைத்தன. 2019 ஜனவரியில் கையொப்பமான ஒரு சட்டம், அரசாங்கத்தின் பெருந்துறைகள் மதிப்பீட்டு அதிகாரியை நியமித்து, மதிப்பீட்டுத் திட்டமும் வகுத்தல் வேண்டும் என்று விதித்தது. ஆயினும், சட்டம் எத்துணைச் செவ்வியதாயினும், ஆண்டுதோறும் பொருள் ஒதுக்கப்பட்டாலன்றி அது தாளளவே நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் தெளிவாவன மூன்று. நன்னோக்கம் நற்பயனுக்குப் பிணை ஆகாது. பயன் இன்மையை அறிவதும் ஒரு பயனே. ஏனெனில், அவ்வறிவு அடுத்த பெண்ணைக் காக்கும். மதிப்பீட்டிற்கெனத் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படாத பொருள் பின்னர் ஒருபோதும் கிடைப்பதில்லை. செயல் முடிந்தபின் எஞ்சுவது அறிக்கையும் பாராட்டுமே.

நம்முள் பலர் நாளை ஆசிரியராகவும், மருத்துவராகவும், தொண்டுச் சங்கங்களின் செயலாளராகவும் அமர்வோம். அன்று நம் முன் வரவுசெலவுத் திட்டம் வைக்கப்படும்பொழுது, ‘இத்துணைப் பேருக்கு உதவினோம்’ என்னும் வரியை மட்டும் தேடாது, ‘உதவி உதவியாயிற்று என்பதை எவ்வாறு அறிவோம்? அதற்கு எவ்வளவு ஒதுக்கினோம்?’ என்னும் வரியையும் தேடுவோமாக. அவ்வரி இல்லாத திட்டம், நாம் காக்க விரும்பும் பெண்ணைவிட நம் மனநிறைவையே பெரிதாகக் கருதிய திட்டம் என்பது என் துணிபு.